அசல் மசில் காரா, வேடம் போட்ட காரா? வாங்குமுன் பார்த்தறியும் முறை

1969-ஆம் ஆண்டு மாடலில் ஷெவர்லே நிறுவனம் 2,43,085 கமாரோ கார்களைத் தயாரித்தது. அவற்றுள் இசட்/28 என்னும் பந்தயத் தொகுப்போடு ஆலையிலிருந்து வெளிவந்தவை 20,302 மட்டுமே. மீதமிருந்த இரண்டு லட்சத்துச் சொச்சம் கார்களுக்கும் அதே உடற்கூடுதான். அதே கதவு, அதே பானெட், அதே மட்கார்டு. ஆகவே சாதாரணக் கமாரோ ஒன்றை வாங்கி, பானெட்டில் இரண்டு பட்டைகள் தீட்டி, சின்னங்களைப் பொருத்தி, எஞ்சினை மாற்றி, இசட்/28 என்று நிறுத்திவைப்பதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. சாதாரணக் காரின் உடலில் பெரிய எஞ்சினை ஏற்றிய, மசில் கார் எனப்படும் அமெரிக்காவின் பழைய வேகக் கார்கள் எல்லாவற்றுக்கும் இதுவே நிலை. 1964-இல் போன்டியாக் நிறுவனம் ஜி.டி.ஓ.வை வெளியிட்டபோது செய்ததே நடுத்தர அளவுக் குடும்பக் கார் ஒன்றில் பெரிய வி-8 எஞ்சினைத் தூக்கிவைத்ததுதான். ஆலை செய்த அதே காரியத்தை ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பட்டறையும் செய்ய முடியும் என்பதில் வியப்பில்லை.

இந்த வணிகத்தில் புழங்கும் சில சொற்களை முதலில் பிரித்தறிந்துகொள்ள வேண்டும். சாதாரண மாடலை உயர்ந்த மாடலாக மாற்றியமைத்தால் அது குளோன். விற்பவர் அதைக் கொஞ்சம் கௌரவமாகச் சொல்ல விரும்பினால் ட்ரிபியூட் என்பார். இரண்டும் ஒன்றே, வெளிப்படையாகச் சொல்லி, அதற்கேற்ற விலைக்கு விற்றால் அதில் ஒரு குற்றமும் இல்லை. நல்ல குளோன் ஒன்றை ஓட்டி மகிழ்வதற்காகவே தேடி வாங்குவோரும் உண்டு. வேறொரு காரின் அடையாளத் தகட்டைக் கழற்றி இன்னொரு உடலில் பொருத்துவது ரீபாடி. எஞ்சினில் இருந்த எண்ணைச் செதுக்கி எடுத்துவிட்டுப் புதிய எண்ணைப் பொறிப்பது ரீஸ்டாம்ப். இவை இரண்டுமே ஏமாற்று வேலைகள். முதலாவது அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றமும்கூட. ‘நம்பர்ஸ் மேட்ச்சிங்’ என்று விளம்பரத்தில் கண்டால், அந்தக் காரோடு ஆலையிலிருந்து வந்த அதே எஞ்சினும் கியர்பாக்ஸும் இன்றும் அதில் இருப்பதாக விற்பவர் சொல்கிறார் என்று பொருள். சொல்கிறார், அவ்வளவுதான், சரிபார்க்க வேண்டியது வாங்குபவருடைய வேலை.

சரிபார்ப்பதற்கு ஓர் அடிப்படை உண்டு. இக்கட்டுரையில் வரும் எல்லா உத்திகளும் அதிலிருந்தே கிளைக்கின்றன. ஒரு காரின் மீது பலருடைய கைகள் பல இடங்களில், பல நாள்களில் குறியிட்டிருக்கின்றன. எஞ்சினை வார்த்த ஆலையில் ஒருவர், அதைப் பூட்டிய ஆலையில் இன்னொருவர், காரைக் கட்டிய ஆலையில் வேறொருவர், விற்ற முகவர், பதிவு அலுவலகத்து எழுத்தர். இவர்கள் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். பிற்காலத்தில் இந்தக் கார் இலட்சக்கணக்கான டாலர் பெறும் என்று அவர்களுக்குத் தெரியவும் தெரியாது. அவர்கள் இட்ட குறிகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் சோதனை. ஒரே ஒரு கையால், ஒரே பட்டறையில், ஒரே வாரத்தில் இடப்பட்ட குறிகள் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் எங்கோ ஓரிடத்தில் இடறும்.

அடையாள எண் எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

இன்று எல்லாக் கார்களுக்கும் பொதுவான 17 இலக்க வாகன அடையாள எண் 1981 மாடலிலிருந்துதான் நடைமுறைக்கு வந்தது. மசில் கார் காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு முறையை வைத்திருந்தது. எனவே காரைப் பார்க்கப் போகுமுன், அந்த நிறுவனத்தின் எண் அந்த ஆண்டில் எவ்வளவு பேசும் என்பதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டாலே பல போலிகளை வீட்டிலிருந்தபடியே, விளம்பரப் படத்தைப் பார்த்தே ஒதுக்கிவிடலாம்.

மிக அதிகமாகப் பேசுவது கிறைஸ்லர் குழுமத்தின் எண். 1971-ஆம் ஆண்டின் ஹெமி குடா திறந்த கூரைக் கார் ஒன்றின் எண் ‘பி எஸ் 27 ஆர் 1 பி’ என்று தொடங்கும். முதல் எழுத்து பிளிமத் பாராகுடா மாடல்; ‘குடா’ அதன் சுருக்கம். இரண்டாவது உயர்தர வரிசை. 27 என்பது திறந்த கூரை. ‘ஆர்’ என்பது 426 கன அங்குல ஹெமி எஞ்சின் (எரியறை அரைக்கோள வடிவம் என்பதால் அந்தப் பெயர்; இனி வரும் எஞ்சின் எண்களும் கன அங்குலமே). 1 என்பது 1971. கடைசி ‘பி’ மிச்சிகனின் ஹாம்ட்ராமிக் ஆலை. எஞ்சினே எண்ணுக்குள் இருப்பதால், 318 எஞ்சினோடு பிறந்த கார் ஹெமி வேடம் போட்டால் ஐந்தாம் இடத்து எழுத்து உடனே காட்டிக்கொடுத்துவிடும். ஒரு எச்சரிக்கை: இந்த எழுத்துகள் ஆண்டுக்கு ஆண்டு மாறும். 1970, 1971-இல் ஹெமிக்கு ‘ஆர்’. 1968, 1969-இல் ‘ஜே’. இதைக் கவனிக்காமல் உண்மையான காரைப் போலி என்று சொன்னவர்களும் உண்டு.

இதே முறையில் ஒரு சுவையான குறுக்குவழி இருக்கிறது. 1970-ஆம் ஆண்டின் பிளிமத் சூப்பர்பேர்ட், நாஸ்கார் என்னும் அமெரிக்கக் கார்ப் பந்தயத்துக்காக உருவான, நீண்ட மூக்கும் உயர்ந்த இறக்கையும் கொண்ட கார், அதே நிறுவனத்தின் ரோட் ரன்னர் மாடலின் ‘ஆர் எம் 23’ என்ற எண்ணையே பகிர்ந்துகொள்கிறது. ஆகவே ரோட் ரன்னரில் மூக்கையும் இறக்கையையும் ஒட்டினால் எண் முரண்படாது என்று தோன்றும். ஆனால் அந்த ஆண்டில் நான்கு-பாரல் கார்புரேட்டர் கொண்ட 440 எஞ்சின், அதாவது ‘யு’ என்ற எழுத்து, ரோட் ரன்னர் குடும்பத்தில் சூப்பர்பேர்டுக்கு மட்டுமே தரப்பட்டது. எனவே ‘ஆர் எம் 23 யு’ என்று இருந்தால் அது சூப்பர்பேர்டாகப் பிறந்தது. ‘என்’ என்று இருந்தால் 383 எஞ்சினுடைய ரோட் ரன்னர். மேலே எதை ஒட்டியிருந்தாலும் அது ரோட் ரன்னர்தான். ‘வி’, ‘ஆர்’ ஆகிய எழுத்துகள் இரண்டு வகையிலும் வரும் என்பதால் அங்கே உடலைப் பார்க்க வேண்டும். சூப்பர்பேர்டின் பின்கண்ணாடியைச் சுற்றித் தனியாக ஒரு தகட்டைப் பற்றவைத்துக் காற்றோட்டத்திற்காகச் சமப்படுத்தினார்கள். அந்த ஒட்டு வேலையை மறைக்கத்தான் எல்லா சூப்பர்பேர்டுகளுக்கும் வினைல் கூரை போர்த்தப்பட்டது. சாதாரண ரோட் ரன்னரின் பின்கண்ணாடி வடிவத்தோடு நிற்கும் சூப்பர்பேர்டு குளோன்தான்.

ஃபோர்டின் மஸ்டாங் கார்களிலுள்ள 11 இலக்க எண்ணும் நேர்மையாகப் பேசும். ‘9 எஃப் 02 ஆர்’ என்று தொடங்கினால் 1969, டியர்பார்ன் ஆலை, சரிவான கூரை உடல், ராம் ஏர் கொண்ட 428 கோப்ரா ஜெட் எஞ்சின். ‘இசட்’ என்றால் பாஸ் 429, ‘ஜி’ என்றால் பாஸ் 302. 1965 முதல் 1967 வரையிலான மஸ்டாங்குகளில் ‘கே’ என்றால் 271 குதிரைத்திறன் 289 எஞ்சின். மாக் 1 தொகுப்பில் மட்டும் ஒரு பொறி இருக்கிறது: 1970 முதல் அதற்கு 05 என்ற தனி எண் கிடைத்தது, 1969-இல் அது சாதாரண சரிவுக்கூரைக் காரின் 02-ஐயே சுமந்தது. ஆகவே 1969 மாக் 1-ஐ எண்ணை வைத்து உறுதிசெய்ய முடியாது; கதவுத் தகட்டில் 63சி என்ற உடற்குறி இருக்கிறதா என்று பார்த்து, பிறகு ஆவணத்துக்குப் போக வேண்டும்.

ஃபோர்டு வாங்குவோருக்கு ஒரு பெரும் வசதி உண்டு. 1967 முதலான கார்களின் உற்பத்திப் பதிவுகள் முழுமையாகத் தப்பிப் பிழைத்தன. அரிசோனாவிலுள்ள மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் நிறுவனம் ஃபோர்டின் உரிமத்தோடு அவற்றை வைத்திருக்கிறது. அடையாள எண்ணைக் கொடுத்துக் கட்டணம் செலுத்தினால், கார் எந்த நிறத்தில், எந்த எஞ்சினோடு, எந்தெந்தக் கூடுதல் வசதிகளோடு, எந்த முகவருக்குப் போனது என்பதை அறிக்கையாகத் தருவார்கள். போன்டியாக்குக்கு பி.எச்.எஸ். என்று சுருக்கமாக அழைக்கப்படும் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் இதே வேலையைச் செய்கிறது. 1966 முதல் 1971 வரையிலான ஜி.டி.ஓ.க்கள் 242 என்ற எண்ணோடு தொடங்கும். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளிலும் 1972-இலும் ஜி.டி.ஓ. என்பது விருப்பத் தொகுப்பு மட்டுமே என்பதால் எண் உதவாது, பி.எச்.எஸ். தாள்தான் உதவும். 1969-இல் வெறும் 697 மட்டுமே தயாரான போன்டியாக் ட்ரான்ஸ் ஆமுக்கும் அதே கதைதான். சாதாரண ஃபயர்பேர்டின் எண், தாள் இல்லாவிட்டால் நிரூபணம் இல்லை. விற்பவர் கையிலுள்ள நகலை நம்பாமல், எண்ணைக் குறித்துக்கொண்டு நீங்களே புதிதாக ஒரு பிரதி வரவழையுங்கள். காரின் விலையோடு ஒப்பிட்டால் அந்தக் கட்டணம் தூசு.

பேசாத எண்: ஷெவர்லே

சிக்கல் முழுவதும் ஷெவர்லேயில்தான். அமெரிக்காவில் விற்ற கார்கள் ஒவ்வொன்றிலும் எந்தத் தொகுப்பு இருந்தது என்று காட்டும் பொதுப் பதிவு ஷெவர்லே வாங்குவோருக்குக் கிடைப்பதில்லை. கனடாவில் புதிதாக விற்கப்பட்ட கார் என்றால் ஷெவர்லேயின் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸின் கனடாக் கிளையிடமிருந்து விவரம் பெறலாம். அமெரிக்கக் காருக்கு அந்த வழி இல்லை. கார்வெட் ஆர்வலர்களின் அமைப்பான என்.சி.ஆர்.எஸ். தரும் அறிக்கை கார் கட்டப்பட்ட நாளையும் முதல் முகவரையும் சொல்லும். எஞ்சினைப் பற்றிப் பேசாது.

எண்ணோ பெரும்பாலும் மௌனம். ஷெவல் எஸ்.எஸ். 396 கார்கள் 1966 முதல் 1968 வரை 138 என்று தொடங்கும் தனி வரிசையில் வந்தன. அந்த மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் எண்ணே சாட்சி. 1969 முதல் எஸ்.எஸ். வெறும் விருப்பத் தொகுப்பாகிவிட்டது. ஆகவே மிகவும் விரும்பப்படும் 1970-ஆம் ஆண்டின் 450 குதிரைத்திறன் எல்.எஸ்.6 எஞ்சின் ஷெவலும், பாட்டி ஒருவர் கடைக்கு ஓட்டிப்போன, மாலிபு என்னும் சாதாரண வி-8 ஷெவலும் ஒரே 136-இல் தொடங்குகின்றன. 4,475 எல்.எஸ்.6-கள் மட்டுமே தயாரானதாக எண்ணிக்கை இருக்கும்போது, சந்தையில் அவை அலுக்காமல் வந்துகொண்டேயிருப்பதன் காரணம் இதுதான்.

1969 இசட்/28 ஒன்றை எடுத்துக்கொண்டு முறையை முழுமையாகப் பார்ப்போம். எண் 124379 என்று தொடங்க வேண்டும். 1 ஷெவர்லே, 24 வி-8 கமாரோ, 37 இரண்டு கதவுக் கூப்பே, 9 என்பது 1969. அடுத்த எழுத்து ‘என்’ என்றால் ஒஹாயோவின் நார்வுட் ஆலை, ‘எல்’ என்றால் கலிஃபோர்னியாவின் லாஸ் ஏஞ்சல்ஸ். 24 இருக்க வேண்டிய இடத்தில் 23 இருந்தால் அது ஆறு சிலிண்டர் காராகப் பிறந்தது. அங்கேயே நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிவிடலாம். 37-க்குப் பதில் 67 இருந்தால் திறந்த கூரை. இசட்/28 கூப்பேயாக மட்டுமே விற்கப்பட்டது. (ஷெவர்லே தலைமைப் பொறுப்பில் இருந்த பீட் எஸ்டெஸுக்காக 1968-இல் ஒரே ஒரு திறந்த கூரை இசட்/28 கட்டினார்கள். உங்களிடம் விற்க வந்திருப்பது அது அல்ல.)

எண் தடை சொல்லாவிட்டால், அடுத்துக் காரிடம் கேட்க வேண்டியது அது எவற்றோடு பிறந்திருக்கவே முடியாது என்பதை. இது நான் பட்டுத் தெரிந்துகொண்ட பாடம். சில ஆண்டுகளுக்கு முன் ஒஹாயோவில் ஒரு கொட்டகையில் ஆரஞ்சு நிற இசட்/28 ஒன்றைப் பார்க்கப் போயிருந்தேன். எஞ்சின் எண்ணை ஒரு மணி நேரம் விளக்கடித்துப் பார்த்து, அது சரியாகவே இருக்கக் கண்டு, பேரம் பேசவும் தயாராகிவிட்டேன். கிளம்பும் நேரத்தில் எஞ்சின் அறையின் பின்சுவரில் பயணி பக்கம் கை வைத்தபோதுதான், வண்ணத்துக்கு அடியில் ஒரு தகடு லேசாக மேடுதட்டியது. ஏ.சி. பெட்டிக்காக ஆலை வெட்டிய துளையை அடைத்து, பட்டி பார்த்து, வண்ணம் பூசியிருந்தார்கள். இசட்/28-க்கு ஏ.சி. தரப்படவேயில்லை. தானியங்கிக் கியரும் தரப்படவில்லை; நான்கு கியர் மன்சி கியர்பாக்ஸும் முன்சக்கர டிஸ்க் பிரேக்கும் கட்டாயம். பின்னச்சின் மூடியில் 12 போல்ட்டுகள் இருக்க வேண்டும். பிரேக் பெடல் தானியங்கிக் கார்களுக்குரிய அகலப் பெடலா, கிளட்ச் பெடல் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டதா என்றெல்லாம் குனிந்து பாருங்கள். எஞ்சினை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம்; பின்சுவரை மாற்றுவோர் குறைவு.

பின்சுவரில் ஓட்டுநர் பக்கம் ரிவெட் அடித்த சிறு தகடு ஒன்று இருக்கும். உடல் வகை, நிறம், உள்ளலங்காரம், கட்டிய வாரம் ஆகியவற்றை அது சொல்லும். ‘04 பி’ என்றால் ஏப்ரல் இரண்டாம் வாரம். நார்வுட் ஆலை மட்டும் 1968 டிசம்பர் வாக்கிலிருந்து இதில் ‘எக்ஸ்’ குறியைச் சேர்த்தது: எக்ஸ் 33, எக்ஸ் 77 ஆகியவை இசட்/28-க்கு உரியவை. எக்ஸ் 11 கண்டு மயங்க வேண்டாம்; அது வெறும் அலங்காரத் தொகுப்புள்ள சாதாரணக் காருக்கும் உண்டு. லாஸ் ஏஞ்சல்ஸ் கார்களில் இக்குறி இல்லை என்பதால், ‘எல்’ எண்ணுடைய காரில் எக்ஸ் 33 என்று தகடு மின்னினால் அதைச் செய்தவருக்குப் பாடம் போதாது என்று பொருள். புதிய தகடுகளை அச்சடித்துத் தருவோர் இருக்கிறார்கள் என்பதை மறக்கக் கூடாது. ரிவெட்டைச் சுற்றிய வண்ணம், தகட்டின் விளிம்பில் பழைய வண்ணப்பூச்சு படிந்த கோடு, தகட்டுக்கு அடியில் வேறு நிறம் எட்டிப்பார்ப்பது ஆகியவற்றைக் கவனியுங்கள். முன்கண்ணாடி வழியே தெரியும் டேஷ்போர்டு எண் தகட்டை ஜெனரல் மோட்டார்ஸ் ஆறிதழ்ப் பூ வடிவ ரிவெட்டுகளால் பூட்டியது. சாதாரண உருண்டைத்தலை ரிவெட்டைக் கண்டால் அந்தத் தகடு ஒருமுறையாவது கழன்றிருக்கிறது.

எஞ்சின் திட்டில் விளக்கடித்துப் பார்ப்பது

பயணி பக்கச் சிலிண்டர் தலைக்கு முன்னால், எஞ்சின் பிளாக்கில் தீப்பெட்டி நீளத்துக்கு ஒரு சமதளத் திட்டு இருக்கும். துணியில் கொஞ்சம் கரைப்பான் தொட்டு எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள். உப்புத்தாளோ கம்பி பிரஷ்ஷோ கூடாது. உரிமையாளர் உங்களைத் துரத்துவார், துரத்துவது நியாயமும்கூட. டார்ச்சை நேராக அடிக்காமல் தளத்தோடு தளமாகப் படுக்கவைத்து அடித்தால், முன்னிருந்து பின்னாக ஓடும் மெல்லிய இணைகோடுகள் தெரிய வேண்டும். பிளாக்கின் மேல்தளத்தை ஆலையில் இழைத்த இயந்திரம் விட்டுப்போன தடம் அது. தளம் கண்ணாடிபோல வழுவழுப்பாக இருந்தாலோ, சுழல்கோடுகள் இருந்தாலோ, பிளாக்கைப் பின்னொரு நாள் இழைத்திருக்கிறார்கள். பழுதுபார்க்கும்போது நியாயமாகவே அப்படிச் செய்வதுண்டு; ஆனால் அதில் பழைய எண் போயிருக்கும். இழைத்த தளத்தின் மீது பளிச்சென்று எண் இருந்தால், அந்த எண் ஆலையில் பிறந்ததல்ல.

திட்டில் இரண்டு பொறிப்புகள் உண்டு. ஒன்று, எஞ்சின் ஆலை இட்டது: ‘வி 0315 டி இசட்’ என்றால் ஃப்ளின்ட் ஆலை, மார்ச் 15, டி இசட் என்பது 1969 இசட்/28-இன் 302 எஞ்சின். மற்றது, கார் கட்டிய ஆலை இட்ட அடையாள எண்ணின் சுருக்கம்: 19 என்று தொடங்கி, ஆலை எழுத்தும் வரிசை எண்ணும் தொடரும். இது திட்டிலும் இருக்கலாம், எண்ணெய் வடிகட்டிக்கு அருகிலும் இருக்கலாம். முதலாவது மிச்சிகனில் ஒருவர் அடித்தது. இரண்டாவது ஒஹாயோவில், சில நாள்களோ வாரங்களோ கழித்து, வேறொரு கருவியால் வேறொருவர் அடித்தது. ஆகவே எழுத்துருவும் ஆழமும் சாய்வும் இரண்டுக்கும் வேறுபட்டிருக்க வேண்டும். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தது போல், ஒரே ஆழத்தில், ஒரே கோட்டில் அழகாக இருந்தால் சந்தேகப்படுங்கள். அசல் பொறிப்பு கொஞ்சம் கோணலாகவும், ஓர் எழுத்து அழுந்தியும் மற்றொன்று தேய்ந்தும் இருப்பதே இயல்பு. வரிசையில் நின்று நாள் முழுக்கச் சுத்தியல் அடித்தவருக்கு அழகுணர்ச்சிக்கு நேரமில்லை.

அடுத்து நாள்களின் வரிசை. பிளாக்கில் வார்ப்பிலேயே புடைத்து நிற்கும் தேதி ஒன்று உண்டு. ‘சி 10 9’ என்றால் மார்ச் 10, 1969, ஏனெனில் ‘ஏ’ ஜனவரி, ‘பி’ பிப்ரவரி என்று மாதங்கள் எழுத்தாகின்றன. வார்த்த நாள், பூட்டிய நாள், கார் கட்டிய வாரம் என்ற வரிசை பிறழக் கூடாது. மார்ச் 10-இல் வார்த்து, மார்ச் 15-இல் பூட்டி, ஏப்ரல் முதல் வாரத்தில் காரில் ஏறியது என்றால் கதை பொருந்துகிறது. ஏப்ரலில் கட்டிய காரில் மே மாதத்து வார்ப்பு இருந்தால் அந்த எஞ்சின் வேறு காருடையது. வார்ப்பு எண் மட்டும் சரியாக இருப்பதைக் காட்டி மயக்குவோரும் உண்டு. 3970010 என்ற வார்ப்பு எண் இசட்/28-இலும் வந்தது. பல்லாண்டுகள் சாதாரண 350 எஞ்சின்களிலும் வந்தது. அது இருப்பது எதையும் நிரூபிக்காது.

கியர்பாக்ஸின் உடலிலும் அதே சுருக்க எண் இருக்க வேண்டும். காரின் உடலில் மறைவாகவும் இரண்டு இடங்களில் அது பொறிக்கப்பட்டிருக்கிறது: ஹீட்டர் பெட்டிக்குப் பின்னாலும், முன்கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுத் துளைத் தகட்டுக்குக் கீழும். அவற்றைப் பார்க்கச் சில பாகங்களைக் கழற்ற வேண்டும். பெரிய தொகை கேட்பவர் அதற்கு அனுமதிக்கத் தயங்கினால், தயக்கத்தையும் ஒரு தகவலாகக் குறித்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றிலுள்ள தேதிகளுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. பென்சில்வேனியாவின் கார்லைல், ஹெர்ஷி ஊர்களில் கூடும் உதிரிபாகச் சந்தைகளில் சரியான தேதியுள்ள எதையும் பணம் கொடுத்துச் சேர்த்துவிடலாம்.

எண் சரி, உடல் வேறு

கிறைஸ்லர் கார்களில் எண்ணே எல்லாவற்றையும் சொல்லிவிடுவதால், அங்கே ஏமாற்று வேலை வேறு வடிவம் எடுக்கிறது. சாதாரணக் காரின் எண்ணை வைத்துக்கொண்டு அதை ஹெமி என்று சொல்ல முடியாது. எனவே நொறுங்கிப்போன அசல் ஹெமி காரின் எண்ணைக் கழற்றி நல்ல உடல் ஒன்றில் பூட்டுகிறார்கள். 1971 ஹெமி குடா திறந்த கூரைக் கார்கள் 11 மட்டுமே கட்டப்பட்டன. 2014-இல் அவற்றுள் ஒன்று சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. இந்த விலையில் ஒரு தகடும் சில ரிவெட்டுகளும் என்ன பெறும் என்று கணக்கிட்டுப் பாருங்கள்.

இங்கே உடலையே படிக்க வேண்டும். 1968 முதல் அடையாள எண்ணின் பகுதி எஞ்சினிலும் கியர்பாக்ஸிலும் மட்டுமன்றி, ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் போன்ற உடற்தகடுகளிலும் பொறிக்கப்பட்டது. டேஷ்போர்டு எண்ணும் இவையும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சின் அறையின் இடப்பக்க உள்மட்கார்டில் திருகப்பட்ட சிறு தகட்டில் கார் கட்டப்பட்ட விவரம் குறிகளாக இருக்கும். ‘இ 74’ என்றால் 426 ஹெமி; ‘டி 21’ என்றால் நான்கு கியர்; ‘டி 32’ என்றால் தானியங்கி. தகடு ‘டி 21’ என்று சொன்னால் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். நான்கு கியர் கார்களின் தரையில் கியர்கம்பிக்கு இடம் விடும் தனி மேட்டை ஆலையிலேயே பற்றவைத்தார்கள். ஆலைப் பற்றவைப்பு வட்ட வட்டமாக, சற்றே குழிந்த புள்ளிகளாக இருக்கும். பட்டறை வெல்டிங் புடைத்து நிற்கும், அல்லது கிரைண்டர் ஓடிய தடத்தோடு இருக்கும். டிங்கரிங் பட்டறையில் ஒரு நாள் உட்கார்ந்து பார்த்த எவருக்கும் இந்த வேறுபாடு புரியும்.

மஸ்டாங்குகளில் ஓட்டுநர் பக்க உள்மட்கார்டின் மேல்விளிம்பில் எண் நேரடியாகத் தகட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். எண் உள்ள துண்டை மட்டும் வெட்டி இன்னொரு காரில் ஒட்டும் பழக்கம் இருப்பதால், எண்ணைச் சுற்றி ஒரு சாண் தூரத்துக்கு விரலால் தடவி, அடிப்பக்கத்தில் சிறு கண்ணாடி வைத்து, பற்றவைத்த தையல் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். பாஸ் 429 என்றால் சோதனை எளிது. அந்தப் பெரிய எஞ்சினை உள்ளே நுழைக்க மிச்சிகனின் பிரைட்டனில் கார் கிராஃப்ட் பட்டறையில் ஷாக் அப்சார்பர் கோபுரங்களையே மாற்றிக் கட்டினார்கள். பாட்டரி டிக்கிக்குப் போனது. கதவில் ‘கே கே’ எண் கொண்ட தனி ஒட்டி வந்தது. கோபுரங்களைக் குளோன் செய்வது கடினமான வேலை. ஷெல்பி நிறுவனம் மாற்றியமைத்த 1968 வரையிலான மஸ்டாங்குகளுக்கு ஃபோர்டு எண்ணும் ஷெல்பி எண்ணும் தனித்தனி. இரண்டும் ஒரே காருக்கு உரியவைதாமா என்பதை ஷெல்பி அமெரிக்கன் ஆட்டோமொபைல் கிளப்பின் பதிவேட்டில் சரிபார்க்காமல் ஒரு டாலரும் கொடுக்க வேண்டாம்.

ஷெல்பி கோப்ராவைப் பற்றி ஒரு வார்த்தை. அது மசில் கார் வகையா என்பது வாதத்துக்குரியது. ஆனால் உலகிலேயே அதிகமாக நகலெடுக்கப்பட்ட கார்களுள் ஒன்று. 1960-களில் தயாரானவை ஏறத்தாழ ஆயிரம்தான். அசலின் உடல் அலுமினியம்; நகல்களில் பெரும்பாலானவை கண்ணாடியிழை. காந்தம் இரண்டிலும் ஒட்டாது என்பதால் காந்தச் சோதனை இங்கே பயன்படாது. விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். அசல் எண்கள் சி எஸ் எக்ஸ் 2000, 3000 வரிசைகளில் வரும். 4000-இல் தொடங்குபவை ஷெல்பி நிறுவனமே பின்னாளில் கட்டிய தொடர்ச்சிக் கார்கள். பெயர் உண்மை, காலம் உண்மையல்ல. முதல் காரான சி எஸ் எக்ஸ் 2000, 2016-இல் 1 கோடியே 37.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது.

காகிதங்கள்

பழைய காகிதம் எதையும் அதன் வயதைக் கொண்டு மதிக்காதீர்கள். அதை எழுதியவருக்குப் பொய் சொல்ல அவசியம் இருந்ததா என்று கேளுங்கள். ஆலையின் கட்டுமானத் தாள் இருக்கையின் ஸ்பிரிங்குக்குள்ளோ, பெட்ரோல் தொட்டியின் மீதோ எண்ணெய்க் கறையோடு, எலி கடித்து, பாதி மட்டும் கிடைத்தால் அது பெரும் புதையல். அதே தாள் மடிப்பில்லாமல், பிளாஸ்டிக் உறைக்குள், சீரான தேநீர் நிறத்தில் இருந்தால் புருவத்தை உயர்த்தலாம். ஷெவர்லே முதல் உரிமையாளருக்குக் கொடுத்த உலோக உத்தரவாத அட்டையில் எஞ்சின் குறியும் இருக்கும் என்பதால் அது நல்ல சாட்சி. ஆனால் அதையும் இன்று புதிதாகச் செய்கிறார்கள். 1972-இல் ஒரு காப்பீட்டு முகவர் எழுதிய பாலிசி, காரை விற்ற முகவரின் சர்வீஸ் பில், முதல் உரிமையாளரின் பிள்ளைகள் காரின் முன் நிற்கும் மங்கிய புகைப்படம் போன்றவற்றை யாரும் மெனக்கெட்டுப் போலி செய்வதில்லை. அவற்றுக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

எல்லாம் பொருந்தினாலும் அந்த மாடலில் மட்டுமே தேர்ந்த ஒருவரை அழைத்துவந்து காட்டுங்கள். கமாரோ அறிந்தவருக்கு மஸ்டாங் தெரிய வேண்டியதில்லை. அவருடைய கட்டணத்தை நீங்களே கொடுங்கள், விற்பவர் கொடுக்க வேண்டாம். உரிமைச் சான்றிதழிலுள்ள எண்ணும் டேஷ்போர்டு எண்ணும் இலக்கத்துக்கு இலக்கம் ஒன்றா என்று அங்கேயே நின்று வாசித்துப் பாருங்கள். பிறகு விற்பனைப் பத்திரத்தில் ‘பழைய கமாரோ ஒன்று’ என்று எழுத விடாமல், ‘ஆலையில் இசட்/28-ஆகக் கட்டப்பட்டது, தற்போதுள்ள எஞ்சின் பிறப்பு எஞ்சின்’ என்ற வாசகத்தை எஞ்சின் எண்ணோடு எழுதி விற்பவரிடம் கையெழுத்துக் கேளுங்கள். எஞ்சின் திட்டு, பின்சுவர்த் தகடு, மறைவெண்கள் ஆகியவற்றின் புகைப்படங்களையும் அதனுடன் இணைத்துக்கொள்ளுங்கள். அந்த வாசகத்தை எழுத மறுத்தால் காரை விட்டுவிட வேண்டும் என்பதில்லை. குளோனுக்குரிய விலையைச் சொல்லி, அவர் ஒப்புக்கொள்கிறாரா என்று பாருங்கள்.